கனடாவில் பிள்ளையை ஐஸ் ஹாக்கியில் சேர்க்கும் முன்

வந்த முதல் குளிர்காலத்திலேயே பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, "நானும் ஹாக்கி விளையாடணும்" என்று நிற்கும். சரி, விளையாடட்டும். ஆனால் டீம் தேடி ஓட வேண்டாம், முதலில் ஸ்கேட்டிங். பக்கத்து கம்யூனிட்டி சென்டரில் வகுப்பு இருக்கும். ஸ்கேட்டிங்குக்கான தேசிய அமைப்பான ஸ்கேட் கனடாவின் 'கேன்ஸ்கேட்' வகுப்புகளும் உண்டு. தொடக்கத்திலேயே விழுந்தால் எழச் சொல்லித்தருவார்கள்: முட்டி போட்டு, ஒரு காலை முன்னால் ஊன்றி, அந்த முட்டியில் இரண்டு கையையும் அழுத்தி எழ வேண்டும். பனித்தளத்தைச் சுற்றியுள்ள கண்ணாடிக்கு வெளியே நிற்கும் நமக்குத்தான் பதறும். பதறினாலும் உள்ளே போய்த் தூக்கிவிடாதீர்கள்.

ஹாக்கிக்கான தேசிய அமைப்பான ஹாக்கி கனடா பிறந்த ஆண்டை வைத்து யூ7 (ஏழு வயதுக்கு உட்பட்டோர்), யூ9, யூ11 என்று பிரிக்கிறது. யூ7 பிள்ளைகள் ரிங்க் என்னும் பனித்தள மைதானத்தின் குறுக்கே, சின்ன இடத்தில் விளையாடுவார்கள். "முழு மைதானமும் தரமாட்டார்களா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. முழு ரிங்க் 200 அடி நீளம். அதில் விட்டால் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கும், 'பக்' என்னும் ரப்பர் வட்டு கைக்கே வராது. வழக்கமான பக் 170 கிராம். சின்னவர்களுக்கு 113 கிராம் நீலப் பக்.

யூ9-இல் அரை ரிங்க், யூ11-இல் முழு ரிங்க். பின்னோக்கி ஸ்கேட் செய்வது, தலை நிமிர்ந்து பாஸ் கொடுப்பது எல்லாம் நன்றாகப் படிவது இந்த வயதில்தான். கோல் காக்கும் கோலியாக ஒரே பிள்ளையை நிரந்தரமாக நிறுத்தாமல் மாற்றி மாற்றி நிற்க வைக்கும் கோச் நல்ல கோச். உடலால் மோதித் தடுக்கும் 'பாடி செக்கிங்' 2013 முதல் பன்னிரண்டு வயது வரையான பிரிவுகளில் கிடையாது. உங்கள் பிள்ளை ஹாக்கியையே பதினொரு வயதில்தான் தொடங்குகிறதா? பரவாயில்லை, ஒரு சீசன் ஸ்கேட்டிங், அப்புறம் தேர்வு வைக்காமல் சேர்க்கும் உள்ளூர் ஹவுஸ் லீக். தேர்வு வைத்து எடுக்கும் ரெப் டீம் பேச்சை அதுவரை ஒதுக்கி வையுங்கள்.

வளரும் பிள்ளையாயிற்றே என்று ஸ்கேட்டைப் பெரிதாக வாங்கும் நம் வழக்கம் இங்கே உதவாது. கணுக்கால் உள்பக்கம் மடங்கி, எதுவும் கற்க முடியாது. ஷூ அளவைவிட ஒரு சைஸ் குறைவாகவே பெரும்பாலும் பொருந்தும். பழைய ஸ்கேட் தாராளமாக வாங்கலாம். ஹெல்மெட்டில் மட்டும் சிஎஸ்ஏ என்ற கனடியத் தரச்சான்று ஸ்டிக்கரையும் முழு முகக் கம்பியையும் பாருங்கள். கழுத்துக் காப்பும் கட்டாயம்.

செலவு அதிகம்தான். பிள்ளைகளின் விளையாட்டுச் செலவுக்கு உதவும் அமைப்புகளான ஜம்ப்ஸ்டார்ட், கிட்ஸ்போர்ட் இரண்டிலும் உதவி கேட்கலாம். கோடையிலேயே விசாரித்துவிடுங்கள், செப்டம்பரில் போனால் பல இடங்களில் டீம் நிரம்பியிருக்கும்.