ஏபி பாடங்களை அமெரிக்கக் கல்லூரிகள் எப்படி எடைபோடுகின்றன?

ஏபி (Advanced Placement) என்பது பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம். எத்தனை ஏபி எடுத்தீர்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மதிப்பெண் பட்டியலோடு பள்ளி அனுப்பும் 'ஸ்கூல் ப்ரொஃபைல்' (பள்ளி என்னென்ன பாடம் நடத்துகிறது என்ற விவரக் குறிப்பு) இருக்கிறதே, அதை வைத்துத்தான் கணக்கு. 5 ஏபி மட்டுமே நடத்தும் பள்ளியில் 4 எடுத்தால் பெரிய விஷயம். 20 நடத்தும் பள்ளியில் அதே 4 சாதாரணம். அந்த ப்ரொஃபைலை 9ஆம் வகுப்பிலேயே பள்ளியின் ஆலோசகரிடம் (கவுன்சிலர்) கேட்டு வாங்கிப் பாருங்கள்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஜிபிஏவை (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) தானே கணக்கிடுகிறது. ஏபியில் ஒரு புள்ளி கூடுதல்: ஏ-க்கு 5, பி-க்கு 4, சி-க்கு 3 புள்ளி. டி வாங்கினால் கூடுதல் புள்ளி கிடையாது. விண்ணப்பிக்கத் தகுதி பார்க்கும் ஜிபிஏவில் இந்தச் சலுகை 8 செமஸ்டர் (அரையாண்டு) பாடங்களுக்குத்தான், அதிலும் 10ஆம் வகுப்பில் எடுத்தவற்றுக்கு அதிகபட்சம் 4. புள்ளிக்காகவே ஏபியை அடுக்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

12ஆம் வகுப்பில் எழுதும் ஏபி தேர்வு மே மாதம், முடிவு ஜூலையில். சேர்க்கைக் கடிதமோ பெரும்பாலும் மார்ச் கடைசிக்குள் வந்துவிடும். ஆக, அந்த ஸ்கோர் கல்லூரியில் கிரெடிட் (பாடத்தைப் படித்து முடித்ததாகக் கணக்கில் கொள்வது) பெறத்தான் உதவும். ஆனால் வகுப்பு கிரேடு பள்ளி கல்லூரிக்கு அனுப்பும் 'மிட்-இயர் ரிப்போர்ட்'டில் (அரையாண்டு கிரேடு அறிக்கை) போகும். விண்ணப்பத்தில் காட்டிய ஏபியைக் கல்லூரிக்குச் சொல்லாமல் பாதியில் விட்டால், கிடைத்த இடமே பறிபோகலாம்.