அச்சத்தைத் தணிக்கப் பரிசோதனைக்குச் செல்லும் முறை

ஆணுறையுடன் ஒருமுறை உறவு கொண்ட பிறகு, பால்வினை நோய் தொற்றியிருக்குமோ என்ற அச்சத்தில் நள்ளிரவில் கைபேசி வெளிச்சத்தில் தொண்டையையும் தோலையும் சோதித்துக்கொண்டிருப்பவர், முதலில் நடந்ததைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பரிசோதனைக்குரிய நாள்கள் அந்தத் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். ஆணுறை கிழிந்திருந்தால், காத்திராமல் 72 மணி நேரத்திற்குள் மருத்துவரைக் கண்டு, 28 நாள் எச்ஐவி தடுப்பு மருந்து தேவையா என்று கேட்க வேண்டும்.

பால்வினை நோய்களான கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றுக்குச் சுமார் 2 வாரம் கழித்துப் பரிசோதிக்கலாம். மற்றொரு பால்வினை நோயான சிபிலிஸுக்கு 3 மாதம். எச்ஐவிக்கு, ஆய்வகத்தில் செய்யப்படும் நான்காம் தலைமுறை (கிருமியின் கூறையும் அதற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும்) இரத்தப் பரிசோதனை 45 நாள்களிலும், விரல் நுனியில் குத்திச் செய்யும் விரைவுச் சோதனை 90 நாள்களிலும் நம்பகமான விடை தரும். அதற்கு முன் வாரந்தோறும் சோதிப்பது பணத்தையும் உறக்கத்தையும்தான் கரைக்கும்.

சிங்கப்பூரில் சில இடங்களில் பெயரோ அடையாள அட்டை எண்ணோ கேட்காமல் எச்ஐவி பரிசோதனை செய்கிறார்கள்; தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று புளோக்கின் கீழுள்ள மருந்தகத்தைத் தவிர்ப்பவர்களுக்கு (அந்தத் தயக்கம் இயல்பானதே) அது பெரிய ஆறுதல். உரிய நாளில் தொற்று இல்லை என்று முடிவு வந்த பிறகும் மனம் ஓயவில்லையென்றால், மீண்டும் இரத்தம் கொடுப்பதை விட்டு, பலதுறை மருந்தகத்தில் அந்தப் பதற்றத்துக்காகவே மருத்துவரைக் காணலாம்.