டீம் கூட சட்டுனு ஒரு ஆன்லைன் மீட்டிங் போடுறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

வேலைல ஒரு சின்ன சந்தேகம் வருது, சாட்ல கேக்குறோம், அவங்க ஏதோ பதில் போடுறாங்க, அது நமக்கு வேற மாதிரி புரியுது, திரும்ப கேக்குறோம், நடுவுல இன்னொருத்தர் வந்து வேற எதையோ சொல்றாரு, இப்படியே அரை நாள் ஓடிடுது. வாயத் திறந்து பேசியிருந்தா அஞ்சே நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். அதுக்காக காலண்டர்ல அரை மணி நேரம் பிளாக் பண்ணி எட்டு பேருக்கு இன்வைட் அனுப்புறதும் ஜாஸ்திதான். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் குவிக் கால், ஸ்லாக்ங்கற ஆபீஸ் சாட் ஆப் யூஸ் பண்றவங்க ஹடில்னு சொல்வாங்க. பட்டன தட்டுறது ரொம்ப ஈஸி, பேசுறதுக்கு முன்னாடியும் பேசி முடிச்ச அப்புறமும் என்ன பண்ணணும்ங்கறதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க, அதனால அந்த ரெண்டையும் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஸ்டெப் 1: கால் வேணுமான்னு பாருங்க

ஒரே விஷயத்துக்கு மூணு தடவைக்கு மேல மெசேஜ் போயிட்டு வந்தும் தெளிவாகலன்னா கால் போடலாம். ஸ்கிரீன காட்டாம விளக்க முடியாதுன்னா போடலாம். எழுதுறதுல தொனி மாறி, ரெண்டு பேருக்குள்ள லேசா சூடு ஏறுற மாதிரி தெரிஞ்சா உடனே போடுங்க, குரல் கேட்டாலே பாதி பிரச்சினை இறங்கிடும்.

வெறும் தகவல் சொல்றதுக்கோ, ஒரு ஃபைலுக்கு ஓகே வாங்குறதுக்கோ கால் வேண்டாம், எழுதிப் போட்டா போதும். ஒருத்தரோட வேலை சரியில்லைன்னு சொல்ற மாதிரியான பேச்சுக்கு இது இடமே இல்ல, அதுக்கு தனியா நேரம் கேட்டு, அவங்களும் மனசளவுல தயாரா வந்து உக்காரணும்.

ஸ்டெப் 2: கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒரு மெசேஜ்

இதை மட்டும் தயவுசெஞ்சு விடாதீங்க. நேரா ரிங் விடாம முதல்ல இப்படி ஒண்ணு போடுங்க:

"லாகின் பேஜ்ல எரர் மெசேஜ் எங்க காட்டுறதுன்னு முடிவு பண்ணணும், 5 நிமிஷம் ஆகும். இப்ப பேசலாமா, இல்ல மதியத்துக்கு மேல வசதியா இருக்குமா?"

எதுக்கு, எவ்வளவு நேரம், இப்ப முடியாதுன்னா எப்ப, மூணும் இதுக்குள்ள இருக்கு. "ஒரு நிமிஷம் பேசலாமா"ன்னு மட்டும் போட்டுட்டு நிறுத்திடுறாங்க பாருங்க, அது எதிர்ல இருக்கறவங்களுக்கு எவ்வளவு பதட்டம்னு யோசிக்கணும், அதுவும் மேனேஜர் கிட்ட இருந்து புதுசா சேர்ந்த ஒருத்தருக்கு அப்படி வந்தா அவங்க கைல இருந்த வேலைய விட்டுட்டு என்ன தப்பு பண்ணோம்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க. நீங்க சீனியரா இருந்தா "பிசின்னா பரவால்ல, அப்புறம் பேசலாம்"னு சேர்த்தே போடுங்க, ஏன்னா உங்க கிட்ட முடியாதுன்னு சொல்ல அவங்களுக்கு வாய் வராது. ஸ்டேட்டஸ்ல டோன்ட் டிஸ்டர்ப் போட்டிருந்தா அவசரம் இல்லாத வரைக்கும் மெசேஜோட நிறுத்திக்கோங்க.

யாரை கூப்பிடுறதுன்னா, அந்த முடிவ எடுக்கிறவரு, அந்த வேலைய செய்யப் போறவரு, அவ்வளவுதான். "சும்மா தெரிஞ்சிக்கட்டும்"னு சேர்க்கிற ஆளுக்கு அப்புறமா எழுதி அனுப்பலாம். ரெண்டு பேர்ல இருந்து நாலு பேர் வரைக்கும் நல்லா போகும், அதுக்கு மேல போனா பாதிப்பேர் வாயே திறக்க மாட்டாங்க.

ஸ்டெப் 3: கால ஆரம்பிக்கிறது

புதுசா ஒரு ஆப் தேட வேண்டாம், உங்க டீம் ஏற்கெனவே எதுல சாட் பண்ணுதோ அதுலயே ஆரம்பிங்க.

ஸ்லாக்னா, அந்த சேனலையோ ஆளோட சாட்டையோ திறந்து மேல இருக்கற ஹெட்ஃபோன் படத்தை தட்டுங்க, இல்ல கண்ட்ரோல் + ஷிஃப்ட் + ஹெச் (மேக்ல கண்ட்ரோலுக்கு பதிலா கமாண்ட்). 2021ல இது வந்தப்ப வீடியோ கிடையாது, இப்ப வீடியோ, ஸ்கிரீன் ஷேர் எல்லாம் இருக்கு. காசு கட்டாத பிளான்ல ரெண்டு பேர்தான் பேச முடியும், கட்டுற பிளான்ல 50 பேர் வரைக்கும். சேனல்ல ஆரம்பிச்சா அந்த சேனல்ல இருக்கற யார் வேணா உள்ள வரலாம்ங்கறத ஞாபகம் வச்சுக்கோங்க, தனிப்பட்ட விஷயம்னா டைரக்ட் மெசேஜ்ல போடுங்க.

மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்ல மீட் நவ்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதைத் தட்டினா போதும். கூகுள் மீட்டுக்கு இன்னும் சுலபம், பிரௌசர்ல அட்ரஸ் அடிக்கிற இடத்துல மீட் டாட் நியூன்னு இங்கிலீஷ்ல அடிச்சு என்டர் தட்டினா புது கால் ரெடி, லிங்க காப்பி பண்ணி சாட்ல போட்டுடுங்க. இலவச கணக்குன்னா மூணு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 60 நிமிஷத்துல முடிஞ்சிடும், ஜூம்ல இலவச கணக்குக்கு 40 நிமிஷம். நம்ம கால் அவ்வளவு நேரம் போகவே கூடாது, அதனால இது ஒரு தடையே இல்ல. ஜூம்ல மட்டும் ஒண்ணு கவனிங்க: உங்களோட பர்சனல் மீட்டிங் ஐடில கால் ஆரம்பிச்சா லிங்க் எப்பவும் அதேதான், போன வாரம் அந்த லிங்க் வாங்கினவங்க இன்னைக்கு பேச்சுக்கு நடுவுலயும் வந்து நிக்கலாம், அதனால பர்சனல் ஐடி யூஸ் பண்ணச் சொல்ற டிக்க எடுத்துட்டு புது ஐடில ஆரம்பிங்க.

ஸ்டெப் 4: சத்தம்

வீடியோ விருப்பம் இருந்தா போதும், ஆனா ஆடியோ சுத்தமா இருக்கணும். ஹெட்செட் போட்டுக்கோங்க. ஒரே ரூம்ல ரெண்டு பேர் ரெண்டு லேப்டாப்ல அதே கால்ல இருந்தா ஒருத்தர் ஸ்பீக்கர்ல வர்ற சத்தம் இன்னொருத்தர் மைக்குக்குள்ள போய் திரும்பத் திரும்ப சுத்தி கீச்சுனு கத்தும், அப்ப ஒரு லேப்டாப்ல மைக், ஸ்பீக்கர் ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும். நெட் இழுத்தா முதல்ல வீடியோவ நிறுத்துங்க, குரலுக்கு ரொம்ப கொஞ்சம் டேட்டாதான் ஆகும்.

மியூட் பண்ற கீய கை பழக்கத்துக்கு கொண்டு வந்துடுங்க. மீட்ல கண்ட்ரோல் + டி (D), டீம்ஸ்ல கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எம், விண்டோஸ் ஜூம்ல ஆல்ட் + ஏ. முதல் தடவைன்னா கூச்சப்படாம பேசுற ஒரு நண்பரோட கால் போட்டு மியூட், ஸ்கிரீன் ஷேர், லீவ் பட்டன் மூணையும் தட்டிப் பாத்துடுங்க. காது சரியா கேக்காதவங்க டீம்ல இருந்தா கேப்ஷன் (பேசுறது எழுத்தா ஸ்கிரீன்ல ஓடுறது) ஆன் பண்ணச் சொல்லுங்க, இந்த நாலு ஆப்லயும் அந்த வசதி இருக்கு.

ஸ்டெப் 5: பேசுறது

சேர்ந்தவுடனே கேள்விய சொல்லுங்க. "நாம இப்ப முடிவு பண்ண வேண்டியது இதுதான், என்கிட்ட ரெண்டு வழி இருக்கு, எனக்கு முதலாவது சரின்னு தோணுது, ஏன்னா..." இப்படி ஆரம்பிச்சா மத்தவங்களுக்கும் எங்க இருந்து பேசணும்னு தெரியும்.

ஸ்கிரீன் ஷேர் பண்றப்ப முழு ஸ்கிரீன கொடுக்காதீங்க, தேவையான விண்டோவ மட்டும் தேர்ந்தெடுங்க, நோட்டிஃபிகேஷன் ஆஃப் பண்ணிடுங்க, நடுவுல வர்ற ஒரு மெசேஜ்ல யாரோட சம்பள விவரமோ சொந்த விஷயமோ எல்லார் கண்ணுலயும் பட்டுடக் கூடாது. ரெக்கார்டு பண்ணணும்னாலோ ஏஐ நோட்ஸ் ஆன் பண்ணணும்னாலோ எல்லார்கிட்டயும் கேட்டுட்டு பண்ணுங்க.

பேச்சு வேற பக்கம் போகும், கட்டாயம் போகும். அப்ப "இது நல்ல பாயிண்ட், ஆனா இதுக்கு தனியா பேசலாம்"னு சொல்லி சாட்ல ஒரு வரி குறிச்சு வச்சுட்டு திரும்பி வந்துடுங்க. சாஃப்ட்வேர் டீம்கள் நிறைய யூஸ் பண்ற ஸ்க்ரம்ங்கற வேலை முறைல, தினமும் நடக்கற டெய்லி ஸ்க்ரம் மீட்டிங்குக்கே 15 நிமிஷம்தான் எல்லை, அதனால ஒரே ஒரு கேள்விக்கு போட்ட கால் அதையும் தாண்டுதுன்னா அந்த கேள்வி நீங்க நினைச்சத விட பெருசுன்னு அர்த்தம். அங்கயே நிறுத்திட்டு, வேற யார் வேணும், என்ன விவரம் வேணும்னு பாத்துட்டு முறையா ஒரு மீட்டிங் வைங்க.

ஸ்டெப் 6: எழுதிப் போடுறது

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இதுதான். பேசி முடிச்சு எல்லாருக்கும் திருப்தியா இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் ஒரு மாதிரியும் இன்னொருத்தர் வேற மாதிரியும் சொல்வாங்க, கால்ல இல்லாதவருக்கு எதுவுமே தெரியாது, லீவ்ல இருந்து வர்றவரும் வேற டைம் ஸோன்ல வேலை பாக்குறவரும் தனக்கு தெரியாம என்னென்னமோ முடிவாகுதுன்னு நினைச்சு மெல்ல ஒதுங்க ஆரம்பிப்பாங்க. அதனால கால கட் பண்றதுக்கு முன்னாடியே, எல்லாரும் இருக்கறப்பவே, ஒருத்தர் டைப் பண்ணி சத்தமா படிச்சு காட்டணும்:

"முடிவு: எரர் மெசேஜ் பாஸ்வேர்டு பாக்ஸுக்கு கீழ வரும். செய்யறவங்க: டிசைன் மாத்துறது நான், கோட் அவங்க. எப்ப: வியாழக்கிழமைக்குள்ள. பாக்கி: மொபைல் வியூ இன்னும் பேசல."

நாலு வரி, ஒரு நிமிஷம் கூட ஆகாது. இத தனித்தனியா அனுப்பாம கேள்வி எந்த சேனல்ல, எந்த த்ரெட்ல (ஒரு மெசேஜுக்கு கீழ வர்ற பதில் வரிசை) ஆரம்பிச்சதோ அங்கயே போடுங்க, தேடுறவங்க அங்கதான் வருவாங்க. ஸ்லாக் ஹடில்ல போடுற மெசேஜ் ஒரு த்ரெட்டா அந்த சாட்டுலயே தங்கிடும், ஆனா எல்லா ஆப்லயும் கால் சாட்ல போட்ட லிங்க் அப்புறம் கிடைக்கும்னு நம்பிட்டு இருக்காதீங்க, முக்கியமான லிங்க வெளில சேனல்லயும் ஒரு தடவை போட்டுடுங்க.

டீமா பேசி வச்சுக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரமாவது யாரும் யாரையும் கால்ல கூப்பிடாத நேரம்னு வச்சுடுங்க, ஆழ்ந்து வேலை பாக்குறவங்களுக்கு அது ரொம்ப தேவை. அதே மாதிரி தினமும் ஒரு அரை மணி நேரம் சீனியர் ஒருத்தர் கால திறந்து வச்சுட்டு தன் வேலையப் பாத்துட்டு இருக்கலாம், சந்தேகம் இருக்கறவங்க வந்து கேட்டுட்டு போகட்டும், யாரும் வரலன்னாலும் பரவால்ல, அடுத்த நாளும் அதே நேரத்துக்கு திறந்து வைங்க. கேக்க தயங்குற புது ஆளுங்க நாலஞ்சு நாள் கழிச்சுதான் முதல் தடவை எட்டிப் பாப்பாங்க.