எல்லா ஓஎல்டியிலும் ஓடும் என்று சொல்லும் ஓஎன்யு: வாங்குவதற்கு முன் சோதிப்பது எப்படி

ஃபைபர் இன்டர்நெட்டில் நம் ஆபீஸிலிருந்து ஒளி அனுப்புகிற பெட்டி ஓஎல்டி, வீட்டில் அதை வாங்குகிற பெட்டி ஓஎன்யு. நாகர்கோவிலில் எந்த டீலரிடம் போய் ஓஎன்யு கேட்டாலும் ஒரே பதில்தான்: "எல்லா ஓஎல்டியிலயும் ஓடும் அண்ணாச்சி, கண்ண மூடிட்டு கொண்டு போங்க." மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் கேபிள் டிவி நடத்திவிட்டு இப்போது ஃபைபர் இன்டர்நெட்டும் கொடுக்கிற என்னைப் போன்ற ஆட்கள் அந்தப் பேச்சை நம்பிப் பெட்டி பெட்டியாக வாங்குகிறோம். ஒரு கம்பெனி ஓஎல்டியும் இன்னொரு கம்பெனி ஓஎன்யுவும் சேர்ந்து ஓடுவது நடக்கிற காரியம்தான். அதற்காகத்தான் ஐடியு-டி, ஐஇஇஇ போன்ற அமைப்புகள் தரநிலை எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் டீலர் வாயில் வருவது தரநிலை ஆகாது. எந்த எண், எந்த வகுப்பு என்று கேட்டு, கண்ணாடி இழையில் தொடங்கி மேலே ஒவ்வொரு படியாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். கீழ்ப்படி சரியாகாமல் மேலே கை வைத்தால் நாள் முழுக்கப் போய்விடும்.

முதல் படி கனெக்டர். கேபிள் டிவியிலிருந்து வந்தவர்கள் கையில் இருப்பதெல்லாம் பச்சை, அதாவது எஸ்சி-ஏபிசி. 1550 நானோமீட்டரில் டிவி சிக்னல் அனுப்பும்போது ஒளி திரும்பி வந்தால் படம் கெடும் என்பதால், அதன் முனையை 8 டிகிரி சாய்த்து வெட்டியிருப்பார்கள். விலை குறைந்த ஓஎன்யு பலவற்றில் துளை நீலம், அதாவது முனை சாய்க்காத யுபிசி. பச்சையை நீலத்தில் சொருகினால் சொருகும், அதுதான் வினை. முனைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து சில டெசிபல் காணாமல் போகும். லைட் எரிகிறதே என்று விட்டுவிடுவோம், பிறகு மழைக்காலத்தில் அந்த வீட்டிலிருந்துதான் முதல் போன் வரும். ஆர்டர் கொடுக்கும்போதே துளையின் நிறத்தைச் சொல்லி வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு முனை பச்சை, மறுமுனை நீலமாக உள்ள பேட்ச் கார்டு போடுங்கள்.

அடுத்து ஒளியின் அளவு. ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறைகளில் ஒன்று ஜிபான். அதன் தரநிலையான ஜி.984-இல் நம் ஊரில் அதிகம் புழங்குவது பி பிளஸ் வகுப்பு. டிபிஎம் என்பது ஒளியின் பலம், டெசிபல் என்பது வழியில் போகும் இழப்பு. ஓஎல்டி 1.5 முதல் 5 டிபிஎம் வரை அனுப்பும், ஓஎன்யு மைனஸ் 27 வரை கேட்கும், நடுவில் 28 டெசிபல் வரை இழக்கலாம். அருமனை போகிற லைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஓஎல்டியிலிருந்து 3 டிபிஎம் கிளம்புகிறது. 6 கிலோமீட்டர் ஃபைபருக்கு சுமார் 1.5, ஒரு ஒளியை நான்காகப் பிரிக்கும் ஒன்றுக்கு நான்கு ஸ்ப்ளிட்டருக்கு 7, அதன் கீழே ஒன்றுக்கு எட்டுக்கு 10.5, கனெக்டருக்கும் ஜாயிண்ட்டுக்கும் 1.5. மொத்தம் 20.5 போக, வீட்டில் மைனஸ் 17.5 வர வேண்டும். அருமையான அளவு. ஆனால் நம் மாவட்டத்தில் வீடுகள் தெருவாக நிற்பதில்லை. ஒவ்வொன்றும் தன் தென்னை, வாழை, கிணற்றோடு தனித்தனியாக நிற்கும். கடைசி வீட்டைத் தாண்டி இன்னும் நாலு வீடு கேட்கிறார்கள் என்று அங்கேயே இன்னொரு ஒன்றுக்கு நான்கைத் தொங்கவிட்டால் மைனஸ் 24.5. அன்றைக்கு ஓடும். ஒரு தென்னை மட்டை விழுந்து கேபிள் மடங்கினால் அத்தோடு முடிந்தது. பவர் மீட்டரில் நாம் பார்ப்பது 1490 நானோமீட்டர், ஓஎல்டியிலிருந்து கீழே வருகிற ஒளி. வீட்டிலிருந்து மேலே போவது 1310, அதற்குக் கிலோமீட்டருக்கு இழப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல். ஆகவே மீட்டரில் மைனஸ் 24-ஐத் தாண்டினால் நான் இணைப்பு கொடுப்பதில்லை. இது என் கணக்கு, தரநிலையில் இருப்பதில்லை.

இனிதான் பலரும் இடறுகிற இடம். முதலில் விலை குறைவு என்று ஈபான் என்கிற இன்னொரு முறை ஓஎல்டி வாங்கியிருப்போம், பிறகு ஜிபானுக்கு மாறுவோம். ஈபான் என்பது ஐஇஇஇ 802.3ஏஹெச், மேலும் கீழும் 1.25 ஜிபிபிஎஸ். ஜிபான் ஐடியு-டி தந்தது, கீழே 2.488, மேலே 1.244. இரண்டும் வேறு வேறு மொழி, ஆனால் ஒளியின் நிறம் ஒன்றே: 1490, 1310. அதனால் ஜிபான் லைனில் பழைய ஈபான் பெட்டியை மாட்டினால் பவர் மீட்டர் அருமையாகக் காட்டும், ஒளி இல்லை என்று சொல்லும் சிவப்பு லைட்டும் எரியாது, ஓஎல்டியோடு சேர்ந்துவிட்டதா என்று காட்டும் பான் லைட் மட்டும் மின்னிக்கொண்டே இருக்கும். பையன்கள் கனெக்டரை மூன்று தடவை வெட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். வெட்டாதீர்கள், பெட்டியின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள். எக்ஸ்பான் என்று எழுதியிருந்தால் இரண்டிலும் ஓடக்கூடியது. மாறுகிற காலத்தில் அதை வாங்குவதுதான் புத்தி. ஒரே பான் போர்ட்டில் இரண்டையும் கலந்து மட்டும் ஓட்ட முடியாது.

பதிவாகும் விதமும் வேறு. ஈபானுக்குப் பெட்டிக்கே உரிய மேக் முகவரி, ஜிபானுக்கு நான்கு எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்ட சீரியல் எண். ஜிபானில் ஓஎன்யு எந்த நிலையில் நிற்கிறது என்பதையும் தரநிலையே எண் போட்டு வைத்திருக்கிறது. ஓஎன்யுவின் வெப் பக்கத்துக்குள் போனால் ஓ1, ஓ3, ஓ5 என்று காட்டும். ஓ1 என்றால் ஒளியில் கோளாறு, லைன்மேன் போக வேண்டும். ஓ3-இலேயே நின்றால் ஓஎல்டியில் சீரியல் எண் சேர்க்கவில்லை அல்லது தப்பாகச் சேர்த்திருக்கிறோம். ஓ5 வந்துவிட்டது, இன்டர்நெட் மட்டும் இல்லை என்றால் ஃபைபரைத் தொடவே வேண்டாம், சிக்கல் அதற்கும் மேலே.

மேலே இருப்பது ஓஎம்சிஐ. ஓஎல்டி தூரத்திலிருந்தே ஓஎன்யுவுக்கு "இந்த விலானை இந்த போர்ட்டில் போடு" என்று சொல்கிற பேச்சு. விலான் என்பது ஒரே லைனுக்குள் பிரித்து வைத்த தனிப் பாதை. முதலில் ஜி.984.4-இல் இருந்தது, 2010-இல் ஜி.988 என்று தனியாக எழுதினார்கள். இதிலே ஒரு சந்து இருக்கிறது. கம்பெனிகள் தங்கள் இஷ்டத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று அந்தப் பேச்சில் வரும் சில வகை எண்களை, உதாரணமாக 240 முதல் 255 வரை, தரநிலையே ஒதுக்கிவிட்டது. வைஃபை பெயர், பிபிபிஓஇ (இன்டர்நெட்டுக்கு லாகின் செய்யும் முறை) பாஸ்வேர்டு போன்றவற்றைப் பல கம்பெனிகள் தங்கள் சொந்த வழியில்தான் அனுப்புகின்றன. எதிர்ப்பக்கத்து வேறு கம்பெனிப் பெட்டிக்கு அது புரியாது. ஓஎல்டி திரையில் "ஆன்லைன்" என்று பச்சையாகக் காட்டும், வீட்டில் வாட்ஸ்அப் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதற்கு நான் செய்வது இதுதான்: புது மாடல் வந்தால் முதலில் பிரிட்ஜ் மோடில் மட்டும் ஓட்டுவேன், அதாவது ஓஎன்யு தான் லாகின் செய்யாமல் வந்ததை அப்படியே கடத்திவிடும். விலான் ஒன்றைப் போட்டு, லேப்டாப்பை நேரடியாகச் சொருகி, பிபிபிஓஇ போட்டுப் பார்ப்பேன். ஓடினால் இரண்டு கம்பெனிக்கும் அடிப்படைப் பேச்சு ஒத்துப்போகிறது. அப்புறம் ஓஎன்யுவே லாகின் செய்யும் ரவுட்டர் மோடு. வைஃபை பெயர், பாஸ்வேர்டு விவரங்களை ஓஎம்சிஐயில் தள்ளாமல், பிராட்பேண்ட் ஃபோரம் என்ற அமைப்பின் டிஆர்-069 என்கிற, தூரத்திலிருந்தே பெட்டியை அமைக்கும் முறை வழியாக அனுப்புங்கள். அது இல்லையா, வீட்டிலேயே வெப் பக்கத்தில் போட்டுவிட்டு வாருங்கள். அதே ஃபோரம் ஜிபான் ஓஎன்யுவுக்கு பிபிஎஃப்.247 என்று ஒரு சான்றிதழும் தருகிறது. அது உள்ள மாடலா என்று டீலரிடம் கேளுங்கள், முழிப்பார், பரவாயில்லை. நம் நாட்டுத் தொலைத்தொடர்புத் துறையின் டிஇசி சான்றிதழ் கட்டாயம் வேண்டும், ஆனால் இந்த ஓஎன்யு உங்கள் ஓஎல்டியோடு பேசுமா என்பதற்கு அது பதில் சொல்லாது.

வாட்ஸ்அப் வருகிறது, பேங்க் சைட் மட்டும் திறக்கவில்லை என்று யாராவது சொன்னால் எம்டியுவைப் பாருங்கள், அதாவது ஒரே துண்டாக அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு. பிபிபிஓஇ 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 இருந்த இடத்தில் 1492தான் மிச்சம். துண்டாக்காதே என்று சொல்லி 1464 பைட் பிங் அனுப்புங்கள், பிங்கின் தலைப்புகளும் சேர்ந்து 1492 ஆகும். அது போகவில்லை என்றால் நடுவில் எங்கேயோ ஒரு பெட்டி குறைத்து வைத்திருக்கிறது.

கல்ஃபிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் ரவுட்டரும் நம் தலைவலிதான். "மக்கா, துபாயில என்ன ஸ்பீடு தெரியுமா, இதையே மாட்டு" என்பார்கள். பின்னால் இன்டர்நெட் லைன் உள்ளே வரும் ஈதர்நெட் வான் போர்ட் இருந்து, பிபிபிஓஇ போட விட்டால், நம் ஓஎன்யுவை பிரிட்ஜ் ஆக்கி அதன் பின்னால் மாட்டிக் கொடுங்கள். ஃபைபர் துளை இருக்கிறதே என்று நேரடியாகச் சொருகாதீர்கள். அந்த ஊர்க் கம்பெனி பூட்டி அனுப்பியதாக இருக்கலாம். சதுரக் கால் மூன்று உள்ள பிளக்குக்குக் கன்வெர்ட்டர் வாங்க வேண்டியது தனிச் செலவு.

மொத்தமாக வாங்குவதற்கு முன் இரண்டு பீஸ் மட்டும் வாங்கி, கடையில் வைத்துப் பார்க்காமல், உங்கள் லைனில் இருப்பதிலேயே தூரமான வீட்டில் மாட்டுங்கள். ஓஎல்டியை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். இடி மின்னலுக்கு ராத்திரி கரண்ட் போய் வருகிற ஊர் நம்முடையது. ஆள் போகாமல் தானாக ஓ5-க்கு வந்து, விலானோடு இணைப்பு திரும்புகிறதா என்பதுதான் நிஜப் பரீட்சை. தேறினால் மாடல் எண்ணோடு ஹார்டுவேர் வெர்ஷன், ஃபர்ம்வேர் வெர்ஷன் இரண்டையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டி, பெயர், விலை எல்லாம் அப்படியே இருக்க, அடுத்த லோடில் உள்ளே சிப்பை மாற்றிவிடுவார்கள். வெர்ஷன் மாறி வந்தால் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.