வயலில் மஞ்சள் தவளையா? அடிக்காமல் பதிவு செய்வது எப்படி

ஒரு நல்ல மழை அடித்தால் போதும், பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் குட்டைகளில் எலுமிச்சை மஞ்சளில் தவளைகள் கூட்டமாகக் கத்த ஆரம்பித்துவிடும். மறுநாளே "விஷத் தவளை, தொட்டால் சாவு" என்று வாட்ஸ்அப்பில் படம் சுற்றும், யாராவது தடியோடு கிளம்புவார்கள். தயவுசெய்து அடிக்காதீர்கள். அது நம் ஊர்ப் பெருந்தவளையின் ஆண். இணைசேரும் சில நாட்களுக்கு மட்டும் அந்த நிறம்.

1. முதலில் அளவைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் பயமுறுத்தும் அந்த மஞ்சள் விஷத் தவளை, அதாவது தங்க விஷத் தவளை, தென் அமெரிக்க நாடான கொலம்பியாவின் பசிபிக் கரையோர மழைக்காட்டில் மட்டுமே வாழ்கிறது, 5 செ.மீ.தான் இருக்கும், பகலில் நடமாடும். அதன் விஷம்கூட அது தின்னும் சிறு பூச்சிகளிலிருந்து வருவதாகத்தான் கருதப்படுகிறது. கூண்டில் வேறு இரை போட்டு வளர்த்தால் விஷமே இருக்காது. காடு அழிவதால் அந்தத் தவளையும் அழிவின் விளிம்பில் நிற்கிறது. நம்முடையதோ 15 செ.மீ. வரை வளரும், கத்தும்போது தாடையின் இரு பக்கமும் நீலப் பை உப்பும். அந்த நீலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

2. தொடாதீர்கள். பூச்சிமருந்து தெளித்த கை அதன் ஈரத்தோலுக்குக் கெடுதல்.

3. படம். சிக்கல் இங்கேதான். ஃபிளாஷ் போட்டால் ஈரத்தோல் பளபளத்து மஞ்சள் முழுக்க வெள்ளையாகிவிடும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, கூட வருபவரிடம் டார்ச்சைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். திரையில் தவளையின் மேல் ஒரு தட்டு தட்டி வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், மஞ்சளும் நீலமும் அப்படியே வரும். தலை டார்ச் எனக்குப் பிடிக்காது, வெளிச்சம் நேராக விழுந்து கண் மட்டும்தான் மின்னும்.

4. குரலையும் அரை நிமிடம் பதியுங்கள். படம் சொதப்பினாலும் குரலை வைத்து இனத்தைச் சொல்லிவிடலாம்.

5. படத்தையும் குரலையும் ஐநேச்சுரலிஸ்ட்டில் (iNaturalist, உயிரினங்களைப் பார்த்த இடத்தோடு யாரும் பதிவு செய்யக்கூடிய இணையதளம்) ஏற்றுங்கள். ஃபேஸ்புக்கில் போட்டால் நாலு நாளில் அடியில் போய்விடும், இதில் தேதியும் இடமும் நிலைத்து நிற்கும். ஒரு காலத்தில் தொடைக்காகவே இந்தத் தவளைகளைக் கோணி கோணியாகப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள், 1987இல்தான் அரசு தடை போட்டது. எந்தக் குட்டையில் இன்னும் மிச்சம் இருக்கின்றன என்று தெரிந்தால்தான் அந்தக் குட்டையில் மண் கொட்டும்போது கேள்வி கேட்க முடியும்.

பின்சேர்க்கை: கிருஷ்ணகிரியிலிருந்து சிலர் இடம் தானாக வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை ஏற்றினால் அப்படித்தான், இடவிவரம் கழன்றுவிடும். எடுத்தவரிடம் படத்தை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.