காக்கிச் சட்டைக்குள் கதகதப்பு: பந்தோபஸ்துக்குப் போகும் தன்னார்வலர்களுக்குச் சிக்கனமான குளிர் உடை

வேலூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வெயில்தான். அந்த வெயிலை நம்பி, அரைக்கைக் காக்கிச் சட்டையோடு மார்கழி இரவுப் பணிக்குப் போய், விடியற்காலை மூன்று மணிக்குப் பாலாற்றுப் பாலத்தின் முனையில் விசில் ஊதக்கூட உதடு ஒத்துழைக்காமல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நம் பகுதியின் இரவு வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸை ஒட்டி இறங்குகிறது. சில இரவுகளில் அதற்கும் கீழே போகிறது. இந்த எண்ணைக் கேட்டால் வடநாட்டார் சிரிப்பார்கள். ஆனால் ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றுவிட்டு, பனியில் ஈரமான சட்டையோடு வண்டியில் வீடு திரும்புகிறவருக்கு அந்த 18 டிகிரியே போதுமானது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொன்னது நம்மூர்ப் பனியை அறிந்துதான்.

ஊர்க்காவல் படையினர், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள், கோயில் திருவிழாக்களில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் சேவைக் குழுவினர் ஆகிய எல்லோருக்கும் பொதுவான சிக்கல் ஒன்று இருக்கிறது. வீட்டில் இருப்பவர் குளிருக்கு எதை வேண்டுமானாலும் போர்த்திக்கொள்ளலாம். சீருடை அணிந்தவர் அப்படிச் செய்ய முடியாது. சட்டையின் நிறம், தோள்பட்டை, பெயர்ப்பட்டை, விசில் கயிறு எல்லாம் வெளியே தெரிய வேண்டும். அதே நேரத்தில் காலை ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் போட்டதைக் கழற்றிச் சிறிய பையில் அடக்கிவிடவும் முடிய வேண்டும். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துப் பார்த்தால், காசை வெளிச்சட்டையில் கொட்டாமல், சீருடைக்கு உள்ளே போகிற துணியிலும், காலிலும் காதிலும் செலவிடுவதே சரி என்பது என் முடிவு.

இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். முதல் ஆண்டு கார்த்திகை தீபப் பந்தோபஸ்துக்குத் திருவண்ணாமலை போகும்போது, 1,100 ரூபாய் கொடுத்துத் தடித்த கறுப்பு ஜெர்கின் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். பணியில் நின்ற பத்தாவது நிமிடம், பொறுப்பில் இருந்தவர், "தம்பி, அதைக் கழற்றிவிடு, கூட்டத்தில் நீ யார் என்று யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது நியாயம்தான். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் குழந்தையைத் தவறவிட்ட தாய் காக்கிச் சட்டையைத்தான் தேடி ஓடி வருவாள். ஜெர்கின் தடுப்புக் கம்பியில் தொங்கியது. நள்ளிரவுத் தூறலில் நனைந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு விடிய விடிய நின்றேன்.

உள்ளாடையிலிருந்து தொடங்குவோம். உடம்புக்குச் சூடு தருவது துணியல்ல. துணியின் இழைகளுக்கிடையே அசையாமல் சிக்கி நிற்கும் காற்றுதான். ஆகவே ஒரு தடித்த துணியைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மெல்லிய துணிகள் மேல். அடுத்து ஈரம். பருத்தி பனிநீரையும் வியர்வையையும் குடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் இழைகளுக்கிடையே இருந்த காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வதோடு, உலர்வதற்கு வேண்டிய சூட்டையும் உடம்பிலிருந்தே எடுக்கும். பனியன் நனைந்த பிறகு போடாதபோது இருந்ததைவிடக் குளிர்வது இதனால்தான். கூட்டத்தோடு மல்லுக்கட்டி வியர்த்துவிட்டுப் பிறகு சும்மா நிற்க நேரும் பணிக்கு, பாலியெஸ்டர் கலந்த மெல்லிய தெர்மல் பனியன் பொருத்தமானது. நனைந்தாலும் விரைவில் உலர்ந்துவிடும். தோலுக்குப் பாலியெஸ்டர் ஒத்துக்கொள்ளாதவர்கள் பருத்திப் பனியனே போடட்டும். ஆனால் மாற்றிக்கொள்ள இன்னொன்றைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கையோடு கொண்டு போகட்டும்.

வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். வட்டக் கழுத்துப் பனியன் போட்டால் காக்கிக் காலருக்கு நடுவே வெள்ளைத் துணி எட்டிப் பார்க்கும். ரோல்காலில் முதலில் கண்ணில் படுவது அதுதான். வி வடிவக் கழுத்துள்ளதை எடுக்க வேண்டும். சீருடைச் சட்டை அரைக்கை என்றால் பனியனும் அரைக்கையாகவே இருக்கட்டும். கை நீளமான பனியனை முழங்கைக்கு மேல் சுருட்டி ஒளிக்கலாம் என்று நினைப்பவர்கள் போக்குவரத்துச் சைகை காட்ட நான்கு முறை கையை உயர்த்தியதும் அது இறங்கி வந்துவிடுவதைக் காண்பார்கள். கடைக்குப் போகும்போது சீருடைச் சட்டையையும் எடுத்துச் சென்று, உள்ளே போட்டுப் பார்த்து, இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள். அக்குளில் பிடித்தால் ஒரு அளவு பெரிதாக எடுங்கள், அல்லது தையல்காரரிடம் சட்டையின் பக்கத் தையலைச் சற்றே பிரித்துத் தளர்த்தித் தரச் சொல்லுங்கள். இறுக்கமாகப் போட்டால் காற்று நிற்க இடமில்லாமல் வாங்கியதன் பயனே போய்விடும்.

கால்சட்டைக்குள் லெக்கின்ஸ் போதும். பெண் தன்னார்வலர்களுக்கு இது தெரிந்ததே. ஆண்கள் வெட்கப்பட்டுக்கொண்டு கடையில் 'தெர்மல் பேண்ட்' என்று கேட்டு இரண்டு மடங்கு விலை கொடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே போவதை யார் பார்க்கப் போகிறார்கள்?

மேலே போடும் ஸ்வெட்டரைப் பற்றி. பிரிவின் ஒழுங்குமுறை அனுமதித்தால் மட்டுமே இதை வாங்க வேண்டும். எந்த நிறம், எந்தக் கழுத்து, தோள்பட்டை மேலே வர வேண்டுமா என்பதைப் பிரிவுத் தலைவரிடம் கேட்டுக்கொண்டு பிறகு கடைக்குப் போவது நல்லது. காக்கியிலேயே ஐந்தாறு சாயல்கள் உண்டு. மின்விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரிவது பகலில் வேறாகத் தெரியும். ஆகவே ஸ்வெட்டரையும் சட்டையையும் கடைக்கு வெளியே வெளிச்சத்தில் சேர்த்து வைத்துப் பாருங்கள். வேலூரில் கோட்டைக்கு எதிரேயுள்ள கடைகளிலும் லாங்கு பஜாரிலும் மழைக்காலம் முடியும் தறுவாயில் ஸ்வெட்டர்கள் குவியும். லூதியானாவிலிருந்து வரும் இவற்றில் மலிவானவை பெரும்பாலும் அக்ரிலிக் நூலில் பின்னியவை. அதில் தவறில்லை, நம் குளிருக்கு அக்ரிலிக் தாராளமாகப் போதும், வீட்டிலேயே துவைக்கலாம். கம்பளி என்று சொல்லி அக்ரிலிக்கைக் கம்பளி விலைக்கு விற்றால்தான் ஏமாறக்கூடாது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல் ஒரு விரல்கடை அளவுக்குக் கிடைத்தால், கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அதைக் கத்தரித்து, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளியாக இருந்தால் தலைமயிர் பொசுங்கும் நாற்றம் வரும். சுடரை விலக்கியதும் தானே அணையும். மிஞ்சுவது விரலில் தேய்த்தால் பொடியாகிவிடும் கரி. அக்ரிலிக் என்றால் உருகிச் சுருண்டு எரிந்து, ஆறியதும் கடுகு போலக் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். அந்த மணியை நகத்தால் நசுக்க முடியாது.

அந்த உருகும் குணத்தை இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் வைக்க வேண்டும். தீபத் திருவிழாவில் அகலும் கற்பூரமும் எங்கும் எரிந்துகொண்டிருக்கும். போகியன்று தெருவெல்லாம் நெருப்பு. இரவுப் பணியில் சுள்ளி பொறுக்கிக் குளிர்காய்கிறவர்களும் உண்டு. அக்ரிலிக்கும் பாலியெஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கற்பூரத் தட்டுக்கு அருகே பணி என்றால் அன்றைக்குப் பருத்தியையே அணியுங்கள், குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நம் மாவட்டத்துக்கு ஒரு தனி வசதி உண்டு. கணியம்பாடியை அடுத்த கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு வீடு படைவீரர்களைக் கொடுத்த ஊர்கள் இங்கே இருக்கின்றன. ஓய்வுபெற்ற மாமாவிடமோ பெரியப்பாவிடமோ கேட்டால் பெட்டியிலிருந்து பழைய கம்பளி ஜெர்சி ஒன்றை எடுத்துத் தருவார். இன்றைய கடைகளில் அந்தத் தரம் கிடைப்பது அரிது. ஆனால் அதிலுள்ள பட்டைகளையும் சின்னங்களையும் பிரித்தெடுத்துவிட்டு, நிறம் உங்கள் சீருடைக்குப் பொருந்தினால் மட்டும் அணியுங்கள். ராணுவப் புள்ளிக் கோலமிட்ட சட்டைகள் சாலையோரத்தில் மலிவாகக் கிடைத்தாலும் தன்னார்வலர் அதைத் தொடவே கூடாது. பார்ப்பவர் படைவீரர் என்று நினைத்துக்கொள்ள இடம் தருவது சட்டப்படியும் வம்பு.

இனிக் காற்று. பணியில் நிற்கும்போது படும் குளிரைவிட, விடியற்காலை வண்டியில் வரும்போது படும் குளிர் கொடியது. 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் துணிக்குள் இருந்த சூடான காற்றை எதிர்க்காற்று வாரிக்கொண்டு போய்விடும். இதற்கென்று தனி உடை வாங்க வேண்டாம். வீட்டிலுள்ள மழைக்கோட்டையே மேலே போட்டுக்கொண்டு வந்து, பணியிடத்தில் கழற்றி வண்டிப் பெட்டியில் வைத்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் நாளிதழ் ஒன்றை மடித்து, சட்டைக்கும் பனியனுக்கும் நடுவே நெஞ்சில் வைத்துப் பொத்தானைப் போடுங்கள். பழைய பால்காரர்கள் செய்தது, இன்றும் பலிக்கிறது. மஃப்ளரை மட்டும் தொங்கவிட்டு ஓட்டாதீர்கள், நுனி சக்கரத்தில் சிக்கினால் கழுத்துக்கே ஆபத்து.

காலைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கருங்கல் தளமும் சிமெண்டும் உடம்புச் சூட்டைப் பாதத்தின் வழியே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தடித்த சாக்ஸ் வாங்கும் முன் ஷூவில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். இறுகினால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் மரத்துப்போகும். புதிதாக ஷூ வாங்குவதாக இருந்தால் ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துக் கடைகளில் மாலை நேரத்தில், தடித்த சாக்ஸையே போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். நாள் முழுக்க நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும், அதுவே பணியின்போதுள்ள உண்மையான அளவு. பழைய ஷூவுக்கு ஃபோம் அட்டையைப் பாதத்தின் வடிவில் வெட்டி உள்ளே போட்டாலே பாதி குளிர் நின்றுவிடும். கோயிலுக்குள் வெறுங்காலோடு நின்று, ஈரக் காலோடு திரும்பி வர நேரும் பணிகளுக்கு இன்னொரு ஜோடி உலர்ந்த சாக்ஸ் பையில் இருக்க வேண்டும்.

காதுக்கு, தலைக்கவசத்துக்குள் அடங்கும் மெல்லிய காதுப்பட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பியோடு மங்கி குல்லா ஒத்துவராது. காதை முழுதும் மூடினால் வாக்கிடாக்கியும் காதில் விழாது, பின்னால் வரும் வண்டியின் ஹாரனும் விழாது. பணியில் ஏறியதும் பட்டையைக் கழற்றிவிட வேண்டும்.

மலைப்பணி கிடைத்தவர்கள் இன்னும் ஒரு துணி கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய அவ்வளவு உயரம்தான், ஆனால் அடிவாரமான ஜோலார்பேட்டையே நானூறு மீட்டர் உயரத்தில் இருப்பதால் நாம் ஏறுவது அறுநூறு, எழுநூறு மீட்டர். ஜோலார்பேட்டையில் 18 டிகிரி என்றால், பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போகும்போது 14 டிகிரியை எதிர்பார்க்கலாம். ஜவ்வாது மலைக்கும் இதே கணக்கு. அங்கே மட்டும் சட்டைக்குள் ஃபிளீஸ் துணியில் கையில்லாத பனியன் ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். உட்புறம் பூனையின் முதுகுபோல மெத்தென்றிருக்கும், எடையே தெரியாது.

போன ஆண்டு புதிதாகச் சேர்ந்த என் அக்கா மகனுக்கு வாங்கியபோது, தெர்மல் பனியன் இரண்டு, சாக்ஸ் இரண்டு ஜோடி, லெக்கின்ஸ், காதுப்பட்டை எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. என் பழைய ஜெர்கின் விலைக்கும் குறைவு. ஸ்வெட்டரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தோம். ஒரு பருவம் முழுக்க அது தேவைப்படவே இல்லை என்றான்.

மாசி கழிந்ததும் இவற்றை அப்படியே மடித்து வைத்துவிடாதீர்கள். அக்ரிலிக்கைப் பச்சைத் தண்ணீரில் துவைத்து, கொடியில் தொங்கவிடாமல் பாயில் பரப்பி நிழலில் காயவையுங்கள்; தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் இழுபட்டு முழங்கால் வரை நீண்டுவிடும். கம்பளி ஜெர்சியை வெந்நீரில் போட்டால் சுருங்கிக் குழந்தைச் சட்டையாகிவிடும். அதை நன்றாகக் காயவைத்து, பாச்சை உருண்டை இரண்டைத் துணியில் முடிந்து கூடவே வைத்து, காற்றுப் புகாத பையில் கட்டிப் பரண்மேல் வையுங்கள். ஐப்பசியில் எடுத்து ஒரு நாள் வெயிலில் போட்டால் உருண்டையின் நெடி போய்விடும்.