மலை ரயில் தடத்தை ஒட்டி நான்கு நாள் சைக்கிள் பயணம்: நீலகிரிக்குத் திட்டமிடுவது எப்படி?

வெளிநாடுகளில் ரயில் ஓடாமல் நின்றுபோன பழைய தடங்களைச் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள். நீலகிரியில் கதை வேறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் வந்துசேர்ந்த மலை ரயில் இன்றும் ஓடுகிறது. தண்டவாளத்தின் மேலோ ஓரமாகவோ சைக்கிளை எடுத்துப்போவது ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் அதே மலையில் அதே ஊர்களைத் தொட்டுக்கொண்டு சாலையும் ஏறுகிறது. அந்தச் சாலைதான் நம் பாதை.

முதலில் ஏற்றத்தைப் பிரியுங்கள்

புதிதாகத் திட்டமிடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, கிலோமீட்டரைப் பார்த்து நாளைப் பிரிப்பது. மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 52 கி.மீ. தான். சமவெளியில் அது ஒரு காலைப் பொழுது வேலை. ஆனால் மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,200 மீட்டரில். அதனால் ஏற்றத்தை வைத்துப் பிரிப்போம்:

முதல் நாள்: மேட்டுப்பாளையம் – குன்னூர், சுமார் 34 கி.மீ., கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏற்றம். ஐந்து முதல் ஆறு மணி நேரம்.
இரண்டாம் நாள்: குன்னூர் – ஊட்டி, சுமார் 18 கி.மீ. மூன்று மணி நேரம் போதும்.
மூன்றாம் நாள்: ஊட்டி – கோத்தகிரி, சுமார் 30 கி.மீ.
நான்காம் நாள்: கோத்தகிரி – மேட்டுப்பாளையம், 33 கி.மீ. முழுக்க இறக்கம்.

மூன்றாம் நாளையும் நான்காம் நாளையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பிரேக் பிடித்துப் பிடித்து விரல் மரத்துப்போன நிலையில், மாலை மங்கும் நேரத்தில், யானை நடமாடும் குஞ்சப்பனைப் பகுதியைக் கடக்க வேண்டியிருக்கும்.

போவது குன்னூர் வழி, வருவது கோத்தகிரி வழி என்பதற்கும் காரணம் உண்டு. கோடை சீசனில் வண்டிகளை இதே திசையில்தான் ஒருவழியாக விடுவார்கள். ஆனாலும் ஏப்ரல், மே மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டம் தாங்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சரிவில் மண் சரியும். ஜனவரியில் ஊட்டியில் உறைபனியும் இருக்கும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வார நாட்களே நல்லது.

சைக்கிளின் கியரைக் கணக்குப் போடுங்கள்

மலையடிவாரத்திலுள்ள கல்லாறு வரை மலை ரயில் மற்ற ரயில்களைப் போலத்தான் ஓடும். அதற்கப்புறம் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் தொடங்கும். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டுதான் குன்னூர் வரை ஏறும். அந்தப் பகுதியின் அதிகபட்சச் சரிவு 12.28-க்கு 1, அதாவது சுமார் 8 சதவீதம். சாலை இன்னும் சுற்றிப் போவதால் சராசரியாக 5 முதல் 6 சதவீதம்தான். இருந்தாலும் கல்லாறைத் தாண்டியதும் நமக்கும் சின்ன கியர் கட்டாயம் வேண்டும்.

முன்பல் (பெடல் பக்கப் பல்சக்கரத்தின் பற்கள்) 34, பின்பல் (பின்சக்கரப் பல்சக்கரத்தில் உள்ளவை) 28 உள்ள சைக்கிளில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏறினால் பெடல் நிமிடத்துக்கு 39 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலை இழுக்கும். இரண்டாம் நாள் மூட்டு வலிக்கு இதுதான் காரணம். முன்பல் 28, பின்பல் 34 என்றால் அதே வேகத்தில் 58 சுற்று வரும். கால் லேசாகச் சுற்றும். உங்கள் சைக்கிளில் முன்பல்லை விடப் பின்பல் பெரியதாக இல்லையென்றால், பயணத்துக்கு முன் பின்பக்க கேசட்டை (பல்சக்கரத் தொகுப்பை) மாற்றிவிடுங்கள். செயின் நீளம் போதுமா, டிரெய்லியர் (செயினை நகர்த்தி கியர் மாற்றும் கருவி) அந்தப் பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர் 32 மி.மீ.க்குக் குறையக் கூடாது. பிரேக் கட்டை பாதி தேய்ந்திருந்தாலே புதிது போடுங்கள்.

சுமை

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ கூடினால் ஐந்து மணி நேர ஏற்றம் கால் மணிக்கும் மேல் நீளும். எனவே மொத்தச் சுமை 7 கிலோவுக்குள் நிற்கட்டும். முதுகில் மாட்டாமல் பின் கேரியரின் இருபுறமும் சமமாகத் தொங்கவிடுங்கள். டியூப் 2, பஞ்சர் ஒட்டும் துண்டும் பசையும், டயர் லீவர் 2, பம்பு, ஆலன் கீ, செயின் இணைப்பு 1, பிரேக் கம்பி 1, முன் பின் விளக்கு. துணியில் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் முழுவிரல் கையுறையும் விட்டுப்போகக் கூடாதவை. கையுறை குளிருக்கு மட்டுமல்ல, நான்காம் நாள் இறக்கத்துக்கும்தான்.

தண்ணீருக்கு 750 மி.லி. பாட்டில் இரண்டு, நிரப்பிப் பயன்படுத்தும் வகையில். நீலகிரியில் கடைகளில் சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்கத் தடை. சாலையோரம் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன. கூடவே கார் வந்தால் அதற்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிளை ரயிலில் பார்சல் போட்டு மேட்டுப்பாளையம் கொண்டுவருகிறீர்களா? நீங்கள் வரும் வண்டியிலேயே அதுவும் வந்துவிடும் என்று நம்பி அன்றைக்கே ஏறத் திட்டமிடாதீர்கள். ஒரு நாள் முன்னதாக வந்து, ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றி கியரையும் பிரேக்கையும் சரிபாருங்கள்.

ஏறும் நாள்

நன்றாக விடிந்த பிறகே கிளம்புங்கள். ஆறரை மணி சரியாக இருக்கும். கல்லாறு யானைகள் கடக்கும் வழி. கல்லாறுக்கும் பர்லியாருக்கும் நடுவே பலாப்பழக் காலத்தில் சாலையிலேயே நிற்கும். யானை தெரிந்தால் நின்று, திரும்பி, ஏதாவது பெரிய வண்டியின் பின்னால் ஒதுங்குங்கள். மணி அடிப்பது, பக்கவாட்டில் நுழைந்து கடப்பது, போட்டோ எடுப்பது எதுவும் கூடாது.

வழியில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இடது பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்விளிம்பில் இருப்போம், அங்கேதான் சரிவு மிக அதிகம். வளைவுக்குப் பத்து மீட்டர் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாரத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றினால் செயின் 'கடக்' என்று நழுவும், சைக்கிள் அங்கேயே நிற்கும். மேலிருந்து பஸ் வந்தால் அது வளைவின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும். வளைவுக்குள் போகாமல் கீழேயே காலூன்றி நில்லுங்கள்.

பாதி வழியில் பர்லியார். பழக்கடைகள் உள்ள இடம், பருவத்தில் மங்குஸ்தான் கிடைக்கும். இங்கே கட்டாயம் அரைமணி நேரம் உட்காருங்கள், பாட்டிலை நிரப்புங்கள். பத்தரைக்குள் இங்கே வரவில்லையென்றாலோ, தலைசுற்றல் இருந்தாலோ, மேலே போகாதீர்கள். ஒரு பிக்கப் வேன் பிடியுங்கள். ரயிலுக்கே குன்னூருக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள் அருவங்காடு, எல்லநள்ளி, லவ்டேல் சந்திப்பு வழியாக நிதானமாகப் போகலாம். கேத்தி பள்ளத்தாக்கைப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள், அடுக்கடுக்கான காய்கறித் தோட்டங்கள் கண்ணை நிறைக்கும். மூன்றாம் நாள் ஊட்டியிலிருந்து தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏற்றம், பிறகு கட்டபெட்டு வழியாகப் பெரும்பாலும் இறக்கம். தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை நிற்கும். ஒற்றையாக நிற்பதிடம் இன்னும் அதிகம் தள்ளியிருங்கள்.

இறங்கும் நாள்

ஏற்றத்தில் தோற்றால் களைப்புதான் மிச்சம். இறக்கத்தில் தவறினால் விபத்து. பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் என்றால் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள், நேர்ச்சாலையில் கட்டை ஆறட்டும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நில்லுங்கள். ரிம்மைத் தொட்டுப் பார்க்காதீர்கள், விரல் சுடும். அருகே கையைக் கொண்டுபோனாலே சூடு தெரியும். பத்து நிமிடம் ஆறவிட்டு, பிரேக் கம்பி தளர்ந்திருந்தால் லீவர் அருகிலுள்ள திருகை வெளியே வரும் பக்கமாக அரைச் சுற்று திருப்பி, கம்பியை இறுக்கிவிட்டுக் கிளம்புங்கள். ரிம் ஈரமாக இருந்தால் முதல் ஓரிரு சுற்றுக்குப் பிரேக் பிடிக்காது, அதற்கேற்ப முன்கூட்டியே அழுத்துங்கள்.

குஞ்சப்பனையைத் தாண்டிக் கீழே வர வர வெக்கை ஏறும். ஸ்வெட்டரை அங்கேயே நின்று கழற்றிவிடுங்கள்.